‘அட் லாகர்ஹெட்ஸ்’ (at loggerheads): எங்கே பார்த்தீர்கள், எங்கே சறுக்குகிறது?

இந்த ஆங்கிலத் தொடரைப் பற்றி நான்கு ஊர்களிலிருந்து வந்த பதில்கள் இவை.

மன்னார்குடி:
காவிரி விவகாரம் சூடாகும்போதெல்லாம் இங்கிலீஷ் பேப்பர் தலைப்பில் வந்து நிற்கும் சொற்றொடர் இது. தமிழ்நாடும் கர்நாடகமும் ‘அட் லாகர்ஹெட்ஸ்’. இதற்குச் ‘சண்டை’ என்று மட்டும் பொருள் சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் தப்பாகத்தான் எழுதுவார்கள். சண்டை போடுவது செயல்; இது நிலை. இரண்டு தரப்பும் விட்டுக்கொடுக்காமல் முறுக்கிக்கொண்டு நிற்பது. 1990-இல் நடுவர் மன்றம், 2007-இல் இறுதித் தீர்ப்பு, 2018-இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 177.25 டிஎம்சி (ஒரு டிஎம்சி நூறு கோடி கன அடி) தண்ணீர் என்றது. இத்தனை வருஷம் இழுத்த வழக்குக்கு அந்தச் சொல் கச்சிதம். டீக்கடையில் அரை மணி நேரம் கத்திவிட்டுக் கலைந்து போவதற்கு ஒட்டவே ஒட்டாது.

கும்பகோணம்:
ரொம்பச் சரி. எழுதும்போது முன்னால் ‘அட்’தான், ‘இன்’ கிடையாது. கடைசி ‘ஸ்’ஸை விழுங்கக் கூடாது. யாரோடு என்பதற்கு ‘வித்’, எதற்காக என்பதற்கு ‘ஓவர்’.

நம்ம பக்கத்து உதாரணம்: முறை வைத்துத் தண்ணீர் விடும்போது தலைமடைக்காரர், அதாவது வாய்க்காலின் தொடக்கத்தில் வயல் வைத்திருப்பவர், தன் முறை முடிந்தும் மடையை அடைக்கவில்லை. வாய்க்காலின் கடைசியில், கடைமடையில், நாற்றங்கால் வெடிக்கிறது. ‘தி டெயில்-எண்ட் ஃபார்மர்ஸ் ஆர் அட் லாகர்ஹெட்ஸ் வித் தி ஹெட்-ரீச் ஃபார்மர்ஸ் ஓவர் தி டர்ன் சிஸ்டம்.’ ‘வித்’ வரவேண்டிய இடத்தில் ‘டு’ விழுவதற்குக் காரணம் நம் தமிழ்தான். ‘எனக்கும் அவனுக்கும் ஆகாது’ என்று மனசில் ஓடும். அந்த ‘க்கு’ அப்படியே ‘டு’ ஆகிவிடும். ‘அவனோடு முறுக்கிக்கொண்டு நிற்கிறேன்’ என்று மாற்றி நினைத்துப் பார்த்தால் ‘வித்’ தானாக வந்து உட்காரும்.

நாகப்பட்டினம்:
ஷேக்ஸ்பியர் காலத்தில் ‘லாகர்ஹெட்’ என்றால் மரமண்டை. பிறகு நீண்ட பிடியும் குண்டுத் தலையும் கொண்ட ஓர் இரும்புக் கருவிக்கும் அதே பேர். நெருப்பில் பழுக்கக் காய்ச்சித் தார் உருக்குவார்கள். அதை எடுத்து அடித்துக்கொண்டதால் இந்தத் தொடர் வந்தது என்பது ஊகம்தான், பரீட்சையில் உறுதியாக எழுத வேண்டாம். கடலாமையிலும் ஒரு லாகர்ஹெட் உண்டு, பெருந்தலை ஆமை. நம் கரையில் முட்டையிட வரும் பங்குனி ஆமை வேறு, அதன் இங்கிலீஷ் பேர் ஆலிவ் ரிட்லி.

திருவாரூர்:
‘அக்ரீ டு டிஸ்அக்ரீ’யோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது ‘உன் கருத்து உனக்கு, என் கருத்து எனக்கு’ என்று பேச்சை முடித்துக்கொள்வது. இதில் பேச்சு முடியவே இல்லை. அதனால்தான் ‘ஹேவ் பீன் அட் லாகர்ஹெட்ஸ் ஃபார் இயர்ஸ்’ என்று காலத்தோடு சேர்ந்து வருகிறது.