அப்டேட்: எங்க சிப்பிப்பாறை நாய் இப்போ கதவ கடிக்கிறதில்ல

போன மாசம் கேட்டிருந்தேன்ல, ஒன்றரை வயசு சிப்பிப்பாறை, தினம் 20 நிமிஷம் சங்கிலியில நடக்க கூட்டிட்டுப் போயும் வீட்டுக்கு வந்து கதவு நிலைய கடிச்சு சிராய் சிராயா ஆக்குறான்னு. நடை பத்தலன்னு நீங்க சொன்னதுதான் சரி. முயல் விரட்டுறதுக்குன்னே வளர்த்த இனம், அதுக்கு தெருவுல நடக்குறதெல்லாம் ஒரு வேலையே இல்ல, ஓடணும். இப்போ காலையில 5:30க்கு ஃப்ரெண்டோட தென்னந்தோப்புல, சுத்தி கம்பி வேலி இருக்கு, அவுத்து விட்டுடுறேன், காத மடக்கிக்கிட்டு முதுக வில்லு மாதிரி வளைச்சு நாலஞ்சு ரவுண்டு பறப்பான், அப்புறம் நாக்க தொங்கப்போட்டு ஈரமண்ணுல படுத்துடுவான். சாயங்காலம் அரை மணி நேரம் நடை. பகல் முழுக்க தூக்கம்தான்.

இத பாத்துட்டு பக்கத்து வீட்டு அக்கா அவங்க பக் நாயையும் ஓட விடவான்னு கேட்டாங்க, வேண்டவே வேண்டாம்க்கான்னேன். சப்பை மூக்கு, மூச்சு வாங்கி உடம்பு சூட்ட இறக்க கஷ்டப்படும், வெயில் ஏறுறதுக்கு முன்னாடி மெதுவா 15, 20 நிமிஷம், சாயங்காலம் அதே மாதிரி, போதும். லேப்ரடார் நாய் வச்சிருக்கவங்க தினம் நடை, ஓட்டம் எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரத்துக்கு குறைக்காதீங்க, சீக்கிரம் குண்டாயிடும். அப்புறம் தார் ரோட்டுல புறங்கைய 5 செகண்ட் வைக்க முடியலன்னா கூட்டிட்டே போகாதீங்க, பாதம் வெந்துடும்.