காருக்குள் பெரிய திரை: வரமா, தொந்தரவா?

மலைப்பாதை:
புதுக் கார் எடுத்து நாலு மாதம் ஆகிறது. காலையில் மேற்கே ஓட்டினால் பின்கண்ணாடி வழியாக வரும் வெயில் நேரே டச் ஸ்கிரீனில் விழுகிறது. மேப் தெரிவதில்லை, விரல் பட்ட அழுக்கும் என் வெள்ளைச் சட்டையும்தான் தெரிகின்றன. ஏசி காற்றைக் குறைக்கக்கூட அந்தத் திரைதான். 2022இல் ஸ்வீடனின் வி பீலேகாரே பத்திரிகை 110 கி.மீ. வேகத்தில் ஒரு சோதனை செய்தது. பொத்தான்கள் நிறைந்த 2005 வால்வோ வி70இல் நாலு வேலைகளை 10 நொடியில் முடித்தார்கள். புதுக் கார்களில் மிக மோசமானதற்கு 44.6 நொடி. அதற்குள் அது 1,372 மீட்டர் ஓடியிருந்தது! பொத்தான்கள் திரும்ப வேண்டும்.

பிக்சல்:
அண்ணா, அதே சோதனையில் வால்வோ சி40க்கு 13.7 நொடிதான். அதிலும் பெரும்பாலும் திரைதான். அப்படியென்றால் தப்பு மெனுவை அடுக்கிய விதத்தில். வெயிலுக்கும் வழி இருக்கிறது. திரையின் மேல் கண்ணாடிக்கும் உள்ளே படம் காட்டும் பேனலுக்கும் நடுவே காற்று இருந்தால் ஒளி ஒவ்வொரு பரப்பிலும் பட்டுத் திரும்பும். அந்த இடைவெளியைத் தெளிவான பசையால் நிரப்பிவிட்டால் பிரதிபலிப்பு நன்றாகக் குறையும். செலவு கூடும், அவ்வளவுதான்.

மலைப்பாதை:
சரி, திரை நன்றாகத் தெரிகிறது என்றே வைத்துக்கொள்வோம். பார்க்காமலே செய்ய முடிய வேண்டும் என்பதுதானே என் வாதம்? பழைய காரில் ஏசி திருகைத் தடவிப் பிடித்து 'டக் டக்' என்று இரண்டு தடவை திருப்புவேன். கண் ரோட்டிலேயே இருக்கும். ஜெர்மனியில் மழையின்போது வைப்பர் வேகத்தைத் திரையில் மாற்றப் போன ஒருவர் ரோட்டை விட்டு இறங்கிவிட்டார். 200 யூரோ அபராதம், ஒரு மாதம் ஓட்டத் தடை. 2020இல் கார்ல்ஸ்ரூ மேல்நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

முன்கண்ணாடி:
இருவரும் நடுத்திரையையே பேசுகிறீர்கள். ஹெட்-அப் டிஸ்ப்ளேயில் வேகமும் திருப்பமும் முன்கண்ணாடிக்கு அப்பால் மிதப்பதுபோல் தெரியும். பார்வையைக் கீழே இறக்க வேண்டாம். 1988இலேயே ஜெனரல் மோட்டார்ஸ் ஒரு காரில் வைத்த விஷயம் இது.

மலைப்பாதை:
நல்லதுதான். ஆனால் போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போட்டால் பல கார்களில் மங்கிவிடும். முன்கண்ணாடியில் பட்டு வரும் ஒளி பெரும்பாலும் கிடைமட்டமாக அதிர்வது. கூலிங் கிளாஸ் தடுப்பதும் அதையேதான்.

பிக்சல்:
வைப்பர் விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். இண்டிகேட்டர், ஹஸார்டு விளக்கு, ஹார்ன், வைப்பர், எஸ்ஓஎஸ் (அவசர உதவி அழைப்பு) ஐந்துக்கும் தனிப் பொத்தானோ லீவரோ இருந்தால்தான் 2026 முதல் உயர்ந்த மதிப்பீடு என்று, கார்களின் பாதுகாப்பைச் சோதித்து நட்சத்திரம் தரும் யூரோ என்கேப் அமைப்பும் 2024இல் சொல்லிவிட்டது. ஏசிக்கும் பாட்டுக்கும் குரலில் கட்டளையிட்டால் போதாதா?

மலைப்பாதை:
போதாது தம்பி. பின் சீட்டில் குழந்தை அழுகிறது, வெளியே அடைமழை, கண்ணாடி முழுக்க ஆவி. அப்போது கை தேடுவது அந்த ஆவியை நீக்கும் டீஃபாகரை. அந்த ஐந்தில் அது இல்லையே!