இன்டர்னல் வேவுக்குத் தமிழில் என்ன போடலாம்?

மொழிபெயர்ப்பாளர்: வெள்ளிக்கிழமைக்குள் அந்தமான் கடல் பாடத்தை அனுப்ப வேண்டும், இந்த ஒரு சொல்லில் நிற்கிறேன். கடலின் மேற்பரப்பில் அல்ல, உள்ளே ஓடும் அலை இது. மேலே வெதுவெதுப்பான லேசான நீர், கீழே குளிர்ந்த கனமான நீர். நிக்கோபார், சுமத்திரா பக்கத்துக் கடலடி மேடுகளின் மேல் ஓதம் (கடல் ஏற்ற இறக்கம், டைடு) பாயும்போது இரண்டு நீருக்கும் நடுவிலுள்ள எல்லை அமுங்குகிறது. ஓதம் திரும்பியதும் அந்தப் பள்ளம் விடுபட்டுக் கிழக்கே ஓடுகிறது, போகப்போகச் செங்குத்தாகி, பெரியது முன்னே சிறியது பின்னே என்று பிரிகிறது. 'அக அலை' சரியா?

தமிழாசிரியர்: சேர்த்து எழுதினால் அகவலை. ஒரு பிள்ளை அகவல்+ஐ என்பான், இன்னொருவன் மீன் வலை என்பான். 'அகத்திரை' என்று போடுங்கள். பால் திரைகிறது, தோல் திரைகிறது, நரை திரை மூப்பு என்கிறோம். கடலின் சுருக்கம்தான் திரை.

பொறியாளர்: ஐயா, இன்றைக்குத் திரை என்றால் சினிமாதான். 'உள்ளலை' போதும்.

தமிழாசிரியர்: தனிக்குறில் முன் ஒற்று இரட்டியது சரி. ஆனால் உள்ளல்+ஐ, அதாவது நினைத்தலை என்றும் பிரியுமே!

பெனாங் அக்கா: எங்கள் பக்கத்துக் கடல், அதனால் நானும் சொல்கிறேன். மேலே பார்த்தால் அலை தெரியாது, நீளநீளமாகக் கொந்தளிக்கும் பட்டைகள்தான் தெரியும். 1980-இல் ஆஸ்பார்ன், பர்ச் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைப் பற்றி எழுதினார்கள். உள்ளே 60 மீட்டருக்கும் மேல் ஏறி இறங்குகிறது. இரண்டு நீருக்கும் அடர்த்தி வித்தியாசம் ஒரு சதவீதம்கூட இல்லை, இழுத்துப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் விசை அவ்வளவு சோனி. அதனால்தான் அத்தனை உயரம், ஆனால் நொடிக்குச் சுமார் 2 மீட்டர்தான் வேகம். எல்லையில் நடப்பதால் 'இடையலை' என்கலாமே?

பொறியாளர்: அக்கா, அது இரண்டே அடுக்கு என்றால் சரி. அடர்த்தி படிப்படியாகக் கூடும் கடலில் இந்த அலை சாய்வாக மேலும் கீழும்கூடப் போகும். அங்கே எது இடை?

தமிழாசிரியர்: அப்படியானால் உள்ளோதம்.

மொழிபெயர்ப்பாளர்: ஐயா, அது இன்டர்னல் டைடுக்கு, அதாவது ஓதம் மேட்டில் மோதிக் கடலுக்குள் எழுப்பும் அசைவுக்கு வேண்டும், இந்த அலைக்கே அதுதானே தாய்! கெடு முடிந்துவிட்டது, 'உள் அலை' என்று இடம் விட்டு எழுதி அனுப்பிவிட்டேன். மூன்று பேர் சரி என்றார்கள்.

தமிழாசிரியர்: இடம் விட்டால் புணர்ச்சி விதி போய்விடுமா? என் ஓட்டு திரைக்குத்தான். அப்புறம், இப்படி ஒற்றையாக ஓடும் அலைக்குச் சொல்லும் 'தனியலை' (சாலிட்டன்) என்ற சொல்லைப் பற்றி நாளை எழுதுகிறேன்.