பட்டியல் தலைகீழாகத் தெரியும், வாக்கியத்தில் 'டிட் நாட் வென்ட்': எங்கே பிசகுகிறது?

நாணல்
எட்டாவது, ஒன்பதாவது பிள்ளைகளுக்கு ஆங்கில டியூஷன். 'கோ, வென்ட், கான்' என்று எடுத்துக்கொடுத்தால் 120 வினைச்சொற்களையும் மூச்சு விடாமல் ஒப்பிக்கிறார்கள். 'அவன் நேற்று போகவில்லை' என்று கொடுத்தால் 'ஹி டிட் நாட் வென்ட்'. 'அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறேன்' என்றால் 'ஐ ஹேவ் சா'. நடுநடுவே 'கட்டெட்', 'காஸ்டெட்' வேறு. இன்னும் பெரிய பட்டியலாகக் கொடுக்கணுமா, இல்லை வேறு வழி இருக்கா?

கரும்பலகை
பட்டியலை நீட்டாதீங்க, பாதியாக்குங்க. 60 சொல் போதும். ஆங்கிலத்தில் அதிகம் புழங்கும் வினைகளான பீ, ஹேவ், டூ, சே, கோ, கெட், மேக், டேக், கம், சீ எல்லாமே ஒழுங்கில்லாதவை, அதாவது இறந்தகாலத்துக்கு 'ஈடி' வாங்காதவை. அது தற்செயல் இல்லை. நாள் முழுக்க வாயில் புரளும் சொல் பழைய உருவத்தை விடாது. எப்போதாவது வருவது 'ஈடி' வாங்கிக்கொண்டு ஒதுங்கிவிடும். 'ஹெல்ப்' ஒரு காலத்தில் 'ஹோல்ப்' என்றுதான் மாறியது.

அகர வரிசையையும் தூக்கிப் போடுங்க, ஒலியை வைத்துப் பிரிங்க. கீப்–கெப்ட், ஸ்லீப்–ஸ்லெப்ட், ஃபீல்–ஃபெல்ட், மீன்–மென்ட்: நெடில் குறிலாகி, பின்னால் ஒரு 'ட்' சேருகிறது. இது நம்ம பிள்ளைகளுக்குப் புதுசே இல்லை. வா–வந்தான், தா–தந்தான், காண்–கண்டான், வே–வெந்தது என்று தமிழிலும் முதலெழுத்து குறுகித்தானே இறந்தகாலம் வருது? அதைக் கரும்பலகையில் பக்கத்தில் எழுதிக் காட்டினால் போதும். (தோலுரிக்கும் 'பீல்', புண் ஆறும் 'ஹீல்' இரண்டும் இதில் சேராது, வெறும் 'ஈடி'தான்.)

கட், புட், ஹிட், ஷட், லெட், ஹர்ட், காஸ்ட், ஸ்ப்ரெட்: மூன்று வடிவமும் ஒன்று. எல்லாமே 'ட்' ஒலியில் முடிபவை. ஆனால் 'ட்'டில் முடிவதெல்லாம் இந்தக் கூட்டம் என்று சொல்லிக்கொடுத்துவிடாதீங்க. வெய்ட், வான்ட், நீட் எல்லாம் 'ஈடி' வாங்கும்.

சிங்–சேங்–சங், ட்ரிங்க்–ட்ரேங்க்–ட்ரங்க், ஸ்விம், பிகின், ரிங் ஒரு கட்டு. 'ப்ரிங்' மட்டும் ஒலியில் இங்கே ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். அதை 'பை–பாட்', 'திங்க்–தாட்' கூட்டத்தில் முதல் நாளே சேர்த்துவிடுங்க.

எச்சம்
பட்டியலைக் குறைப்பது சரி. ஆனா நாணல் சொன்ன முதல் இரண்டு பிழைக்கும் பட்டியல் காரணமே இல்லை. பிள்ளைக்கு 'வென்ட்' தெரியும், எந்த இடத்தில் அதைப் போடக்கூடாது என்றுதான் தெரியவில்லை.

'பார்த்திருக்கிறேன்' என்பதைப் பிரிச்சுப் பாருங்க: பார்த்து + இருக்கிறேன். 'பார்த்து' இறந்தகால வினையெச்சம். அந்தப் பழக்கத்தில் பிள்ளை 'ஹேவ்' பக்கத்தில் இறந்தகாலத்தைத் தேடி 'சா'வை எடுக்குது. ஆங்கிலத்தில் அந்த இடம் மூன்றாம் வடிவத்துக்கு மட்டும்தான். ஹேவ், ஹேஸ், ஹேட் மூன்றில் எது வந்தாலும் 'சீன்', 'கான்', 'ரிட்டன்'. இதைத் தனியாகச் சொல்லியே ஆகணும், தமிழ் இங்கே கைகொடுக்காது.

'போகவில்லை'யில் கைகொடுக்கும். போக + இல்லை. 'போக'வில் காலம் காட்டும் எழுத்தே கிடையாது. த், ட், ற், இன் எதையும் காணோம். 'டிட் நாட் கோ'விலும் அதே கதை. 'போனவில்லை' என்று யாராவது சொல்வார்களா? 'டிட் நாட் வென்ட்' அப்படித்தான் என்று ஒரு தடவை சொல்லிப் பாருங்க, வகுப்பே சிரிக்கும்.

கரும்பலகை
அந்த 'போனவில்லை' அருமை, ஆனா எதிர்மறைக்கு மட்டும்தான் ஓடும். கேள்வியில் தமிழ் காலத்தை விடாது: போனான் + ஆ = 'போனானா?'. அதனால்தான் 'டிட் ஹி வென்ட்?' தனியாக வந்து நிற்கும். எதிர்மறையையும் கேள்வியையும் ஒரே நாளில் எடுக்காதீங்க.

நாணல்
புரிகிறது. எழுத்துப்பிழைக்கு வழி உண்டா? 'காட்' (கேட்ச்), 'தாட்' (திங்க்), 'டாட்' (டீச்) மூன்றையும் மாற்றி மாற்றி எழுதுகிறார்கள்.

எச்சம்
மூலச் சொல்லில் ஆங்கில 'ஏ' எழுத்து இருக்கான்னு பார்க்கச் சொல்லுங்க. கேட்ச், டீச் இரண்டிலும் இருக்கு, அதனால் 'ஏ-யு-ஜி-எச்-டி'. பை, ப்ரிங், திங்க், ஃபைட், சீக் ஐந்திலும் இல்லை, அங்கே 'ஓ-யு-ஜி-எச்-டி'. இந்த ஏழு சொல்லுக்கும் பிசகாது.

சீட்டுக்கட்டு
பயிற்சி பற்றி. ஒப்பிக்கிற பிள்ளைக்கு மூன்று வடிவமும் ஒரே சங்கிலி. 'ரிட்டன்' வேண்டுமென்றால் 'ரைட், ரோட்'டிலிருந்து தொடங்கித்தான் வந்து சேரும். பேச்சில் அதற்கு நேரம் இல்லை. ஆகவே ஒரு வினைக்கு மூன்று சீட்டு, முன்பக்கம் தமிழ் மட்டும்: 'எழுதினான்', 'எழுதவில்லை', 'எழுதியிருக்கிறான்'. பின்பக்கம் முழு ஆங்கில வாக்கியம். தினம் 6 வினை, 18 சீட்டு. பத்து நாளில் 60 முடியும். சீட்டைக் குலுக்கிப் போட்டுக் கேளுங்கள். நான்கு எண்ணுவதற்குள் பதில் வராதது அடுத்த நாளும் வரட்டும். வந்தது 3, 7, 21-ஆம் நாளில் திரும்பினால் போதும். தாளை நாலாய் வெட்டினால் சீட்டு ஆச்சு, போனில் சீட்டுப் பயிற்சிக்கான 'ஆன்கி' செயலி இருந்தால் அது தானே நாள் கணக்கைப் பார்த்துக்கொள்ளும்.

ஒரு எச்சரிக்கை: ஒன்றின் வடிவம் இன்னொன்றோடு முட்டும் ஜோடிகளை ஒரே வாரத்தில் வைக்க வேண்டாம். ஃபால்–ஃபெல்–ஃபாலன் நன்றாக ஊறிய பிறகு ஃபீல்–ஃபெல்ட். எல்லாவற்றிலும் மோசம் 'லை'. படுப்பது லை–லே–லெய்ன், கிடத்துவது லே–லெய்ட்–லெய்ட், பொய் சொல்வது லை–லைட்–லைட். இதைப் பத்தாம் வகுப்புக்குத் தள்ளிவையுங்கள், குடி முழுகிப்போகாது.

நாணல்
'ஹேவ்' சரியான பிறகும் 'ஹி ஹேஸ் கம் எஸ்டர்டே' வருகிறதே?

எச்சம்
வரத்தான் செய்யும். 'நேத்து வந்திருக்கான்' தமிழில் முழுக்கச் சரி. நாம் நேரில் பார்க்கவில்லை, பிறகு தெரிந்தது என்ற பொருள் அதில் வந்துவிடும். ஆங்கில 'ஹேஸ் கம்'முக்கு அந்தப் பொருள் கிடையாது. நேற்று, போன வாரம், 2019-இல் என்று முடிந்துபோன நேரம் வாக்கியத்தில் ஏறினால் 'ஹேஸ்' இறங்கிவிடணும்: 'ஹி கேம் எஸ்டர்டே'. சீட்டில் 'எழுதியிருக்கிறான்' வரும் இடத்தில் 'நேற்று' எழுதாதீங்க, 'ஏற்கெனவே' போடுங்க.