ஜெர்மனியில் முதல் ரெண்டு வருசம்: லாரவெல்லா, எலிக்ஸிரா?

கேள்வி (பெருந்துறை, பெர்லின் வந்து 4 மாசம்)

வணக்கமுங்க. சரவணம்பட்டியில ஒரு சின்ன கம்பெனியில 4 வருசம் வெப்சைட் எழுதற பிஎச்பி மொழியும், அது மேல கட்டின லாரவெல்லும் பார்த்தேன். அதை வெச்சேதான் ப்ளூ கார்டு (படிச்ச வெளிநாட்டு வேலைக்காரங்களுக்குக் குடுக்கற அனுமதி) கிடைச்சு இங்க வந்தேன். இப்ப ஒரு ஸ்டார்ட்அப்புல எலிக்ஸிர்ங்கற இன்னொரு புரோகிராம் மொழி வேலைக்குக் கூப்பிடறாங்க, சம்பளமும் கொஞ்சம் சேர்த்தி. எலிக்ஸிர் நானே ராத்திரி உக்காந்து கத்துக்கிட்டது, மனசுக்கு ரொம்பப் புடிச்சுப்போச்சு. பிஎச்பின்னு சொன்னா இங்க சில பேர் மட்டமா பார்க்கறாங்க. ஊர்ல கல்விக்கடன் பாக்கி இருக்குது, அப்பா மஞ்சள் வெள்ளாமையை நம்பி இருக்கறார். மாறட்டுங்களா?

பதில் (திருப்பூர், 2018லிருந்து பெர்லின்)

தம்பி, இப்ப மாறாதீங்க. எலிக்ஸிர் மேல எனக்கு ஒரு குறையும் இல்லீங்க. உங்க காலண்டரைப் பார்த்துத்தான் சொல்றேன்.

எங்கய்யன் திருப்பூர்ல ஓவர்லாக் டெய்லர். ஒரு கம்பெனியில ஆர்டர் இல்லைன்னு நிறுத்திட்டா, சைக்கிளை எடுத்துட்டு பி.என். ரோட்டுல ஒரு சுத்து சுத்துவார். கேட்டுக்கு கேட்டு 'டெய்லர் தேவை'ன்னு அட்டை தொங்கும். அடுத்த நாளே வேற மெசின்ல உக்காந்திருப்பார். எங்க பெரியப்பா பவானியில ஜமக்காளம் நெய்தவர். குழித்தறியில அவர் கை ஓடறதைப் பார்க்க நாங்க பசங்கெல்லாம் சுத்தி நின்னுக்குவோம். பவானி ஜமக்காளத்துக்கு 2005லயே புவிசார் குறியீடு கிடைச்சிருச்சு. ஆனா தறிக்காரர் கணக்கை முடிச்சு அனுப்பிட்டா, அந்தக் கைக்கு ஏத்த இன்னொரு தறி கிடைக்க மாசக்கணக்குல அலைவார். ரெண்டுல எது ஒசத்தின்னு எடை போட நான் வரலை. வேலை போன மறுநாள் எத்தனை கேட்டுல போய் நிக்கலாம்ங்கறதுதான் பேச்சு.

இதையே நான் இங்க அனுபவிச்சேன். வந்த வருசம் எனக்கு வேலை எல்ம் மொழியில. இவான் சாப்லிக்கி 2012ல கொண்டுவந்த மொழி. பிரவுசர்ல ஓடறப்ப பிழை வந்து பக்கம் நின்னுபோற கதை அதுல அநேகமா கிடையாது. தப்பா எழுதினா கம்பைலர் (எழுதினதைச் சரிபார்த்து மாத்திக்குடுக்கற மென்பொருள்) பக்கத்துல உக்காந்து சொல்லிக்குடுக்கற மாதிரி சொல்லும். நல்லா எழுதறதுன்னா என்னன்னு எனக்குக் கத்துக்குடுத்ததே அதுதான். 2019 அக்டோபர்ல 0.19.1 வந்துச்சு. அப்புறம் வருசக்கணக்கா அடுத்த பதிப்பு வரலை. எங்க கம்பெனி கைமாறுச்சு. புதுசா வந்தவங்க எல்லாத்தையும் அதிகம் பேர் பயன்படுத்தற ரியாக்ட், டைப்ஸ்கிரிப்டுல திருப்பி எழுதறதுன்னு முடிவு பண்ணி, எங்க டீமைக் கலைச்சுட்டாங்க. வீட்டுக்காரம்மா அப்ப ஏழு மாசம். ஜெர்மனி முழுக்கத் தேடியும் எல்ம் வேலைன்னு என் கண்ணுல பட்டது நாலோ அஞ்சோதான். கடைசியில சோறு போட்டது கோயமுத்தூர்ல பழகின பிஎச்பி. ஷாப்வேர்ங்கற மென்பொருள்ல ஆன்லைன் கடை கட்டிக்குடுக்கற ஒரு சின்ன ஏஜென்சி எடுத்துக்கிச்சு.

அதனால பிஎச்பியை யாராச்சும் மட்டமா பேசினா மனசுல வெச்சுக்காதீங்க. விக்கிப்பீடியா ஓடறது பிஎச்பியில. வேர்ட்பிரஸ் பிஎச்பி. ஷாப்வேர் ஜெர்மன்காரங்க செஞ்சது, அதுவும் பிஎச்பி. டைப்போ3ன்னு வெப்சைட் நடத்தற பிஎச்பி மென்பொருள் ஒண்ணு இருக்குதுங்க. கோயமுத்தூர்ல அதைக் கேள்விப்பட்டவங்களே கம்மி. இங்க யுனிவர்சிட்டி, நகராட்சி, நடுத்தரக் கம்பெனின்னு பல சைட்டு அதுலதான் ஓடுது. அதேமாதிரி கனடாவுல ஆன்லைன் கடை நடத்த உதவற ஷாப்பிஃபை, ரூபிங்கற மொழியில வளர்ந்த கம்பெனி, அங்க ரூபி தெரிஞ்ச ஆளுக்கு மதிப்பே வேற. எலிக்ஸிருக்கு அடிப்படையான எர்லாங் மொழி பொறந்தது ஸ்வீடன்ல, எரிக்சன்ல. பணம் கட்டற சேவை நடத்தற க்ளார்னா அதை எடுத்து ஓட்டுனதும் அங்கதான். ஒரு மொழி பெருசா சிறுசான்னு இண்டர்நெட்டைக் கேட்டுப் பிரயோசனம் இல்லை, நீங்க வாடகை கட்டற ஊரைக் கேக்கோணும். வேலை விளம்பரத்துல பெர்லின்னு போட்டு, ரெண்டு வாரம் தினம் எண்ணுங்க. அதுலயும் ஜெர்மன் கட்டாயம்னு போட்டதைக் கழிச்சுட்டு எண்ணுங்க. அந்த மிச்சம்தான் உங்க பி.என். ரோடு.

இனி காலண்டர். உங்களுக்கு 4 மாசம் ஆச்சு. ப்ரோபட்சைட்ங்கற சோதனைக் காலம் 6 மாசம் வரைக்கும் போகும், அதுக்குள்ள ரெண்டு வார நோட்டீசுல அனுப்பிடலாம். 6 மாசம் தாண்டிட்டா, பத்துப் பேருக்கு மேல இருக்கற கம்பெனியில காரணம் காட்டாம அனுப்ப முடியாது. இப்ப மாறினா அந்த 6 மாசம் முதல்ல இருந்து ஆரம்பிக்கும். முதல் 12 மாசத்துக்குள்ள மாறினா வெளிநாட்டவர் ஆபீசுக்குத் தெரிவிக்கோணும். அவங்க 30 நாள் நிறுத்திவெச்சுப் பரிசீலிக்கலாம். வேலை போனா குடுக்கற பணம் வாங்கோணும்னா, கடைசி 30 மாசத்துல 12 மாசம் காப்பீடு கட்டியிருக்கோணும். உங்களுக்கு அது இன்னும் ஆகலை. ஐரோப்பிய யூனியனோட 2021 சட்டப்படி, ப்ளூ கார்டு வாங்கி ரெண்டு வருசம் ஆகாதவங்க 3 மாசத்துக்கு மேல வேலையில்லாம இருந்தா கார்டைத் திரும்ப எடுத்துக்கலாம், ரெண்டு வருசம் ஆனவங்களுக்கு 6 மாசம். அமெரிக்காவுல எச்1பி வேலை விசாவுல இருக்கற பசங்களுக்கு வெறும் 60 நாள். இந்த 3 மாசத்துக்குள்ள எலிக்ஸிர் அட்டை தொங்கற கேட்டு எத்தனை உங்களுக்குக் கிடைக்கும்? இதை ரோசிச்சுப் பாருங்க.

அதே நேரம் நிரந்தரக் குடியிருப்பு ப்ளூ கார்டுக்காரங்களுக்குச் சீக்கிரமே கிடைக்கும். ஜெர்மன் மொழியில ஏ1 (ஆரம்ப நிலை) இருந்தா 27 மாசம், பி1 (நடு நிலை) முடிச்சா 21 மாசம். அது கைக்கு வந்த அன்னைக்கு எலிக்ஸிருக்குத் தாராளமாப் போங்க. அதுக்கப்புறம் வேலை போனாலும் வீட்டை காலி பண்ணிட்டு ஏர்போர்ட்டுக்குப் போகவேண்டிய பயம் இல்லை.

பதில் (கோபி, வெளிநாடு போகாதவங்க)

அண்ணா சொன்னதுல எனக்கு ஒரு சங்கடம் இருக்குங்க, சொல்லிடறேன். நான் 3 வருசமா கோபியில எங்கூட்டு மேல்மாடியில உக்காந்து, ஐரோப்பாவுல இருக்கற ஒரு கம்பெனிக்கு எலிக்ஸிர் எழுதிட்டிருக்கறேன். ஜாவா தெரிஞ்ச ஆள் அவங்க ஊர்லயே கிடைப்பாங்க, என்னைத் தேடி வந்திருக்க மாட்டாங்க. எலிக்ஸிருக்கு ஆள் கம்மிங்கறதாலதான் கோபி வரைக்கும் வந்தாங்க. எலிக்ஸிர் ஓடற அதே எர்லாங் மெசின் மேலதான் வாட்ஸ்அப்பும் நின்னுச்சு. 2014ல ஃபேஸ்புக் அதை 1,900 கோடி டாலருக்கு வாங்கறதா அறிவிச்சப்ப 45 கோடிப் பேர் பயன்படுத்தினாங்க, கம்பெனியில இருந்தது 55 பேர். அப்படிப்பட்ட ஒண்ணைத் தம்பி கைவிட்டுடக்கூடாது. ஆனா எனக்கு விசா கவலை கிடையாது, தோட்டத்துல தேங்காய் வருமானம் ஒருபக்கம் இருக்குது. அதையும் மறைக்காம சொல்லோணுமில்ல.

தம்பி, ராத்திரிப் படிப்பை நிறுத்தாதீங்க. எலிக்ஸிர்ல வெப்சைட் கட்ட உதவற ஃபீனிக்ஸ்ல சின்னதா ஒண்ணு கட்டி, ஊர்ல யாராச்சும் நெசமா பயன்படுத்தற மாதிரி ஓடவிடுங்க. ஈரோட்டு மஞ்சள் மார்க்கெட்டுல அன்னன்னைக்கு விலை என்னன்னு அப்பா போன்ல பார்க்கற மாதிரி செஞ்சாக்கூடப் போதும். என்னை இண்டர்வியூ பண்ணினவங்க சர்ட்டிபிகேட்டைக் கேக்கலை, ஓடிட்டிருக்கற ஒண்ணைக் காட்டச் சொன்னாங்க.

பதில் (திருப்பூர்)

அம்மணி சொல்றது நூத்துக்கு நூறு சரிங்க. கோபியில உக்காந்து செய்யறவங்களுக்கு என் கணக்கு பொருந்தாது. இன்னொண்ணையும் சேர்த்துக்கறேன். எல்ம் போயிருச்சுன்னாலும், அதுல கத்துக்கிட்டது இன்னைக்கும் என் டைப்ஸ்கிரிப்டுல இருக்குது. ஜாவாஸ்கிரிப்டை எளிசா எழுத காஃபிஸ்கிரிப்டுன்னு ஒரு மொழி 2009ல வந்துச்சு. அதுல இருந்த நல்லது பலதை 2015ல ஜாவாஸ்கிரிப்டே எடுத்துக்கிச்சு. அப்புறம் அதைத் தேடறவங்க குறைஞ்சுட்டாங்க. அதை எழுதிப் பழகினவங்க கை வீணாப் போகலை.

கேள்வி கேட்டவர்

ரொம்ப நன்றிங்ணா, நன்றிங்க அக்கா. ரெண்டு நாளா எண்ணிப் பார்த்தேன். ஜெர்மன் கட்டாயம்ங்கறதைக் கழிச்சதுமே பிஎச்பி பாதிக்கு மேல போயிருச்சுங்ணா. வயித்துல புளியைக் கரைச்ச மாதிரி இருக்குது. இன்னொரு விசயம், அந்த ஸ்டார்ட்அப்காரங்க அனுப்பின பேப்பர்ல 'பெஃப்ரிஸ்டெட்'ன்னு ஒரு வார்த்தை இருக்குது. அது என்னங்ணா?

பதில் (திருப்பூர்)

பெஃப்ரிஸ்டெட்னா இத்தனை மாசத்துக்குத்தான்னு நாள் குறிச்ச வேலை தம்பி. நாள் முடிஞ்சா வேலையும் முடிஞ்சுது, நோட்டீசே வேண்டாம். இதை முதல்லயே சொல்லியிருந்தா நான் இவ்வளவு நீளமா எழுதவே வேண்டியதில்லை. வேண்டாம்னு மரியாதையா எழுதிடுங்க. நிரந்தர இடம் காலியானா கூப்பிடுங்கன்னும் சேர்த்து எழுதுங்க.

பிஎச்பி பாதி போச்சுன்னு வெசனப்படாதீங்க. அந்தப் பாதிக்குச் சாவி பி1. ஃபோக்ஸ்ஹோக்‌ஷூலேங்கற பொதுமக்கள் கல்வி மையத்துல சாயந்திர வகுப்பு இருக்குது, தனியார் பள்ளியைவிடக் காசு கம்மி. இடம் சீக்கிரம் தீர்ந்துரும், இந்த வாரமே பேர் குடுங்க. நான் படிச்ச புத்தகம் வீட்ல சும்மாதான் கிடக்குது, ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்குங்க. சாப்பாடு இங்கயே.