மணிக்கட்டு வலி: எந்த விசைப்பலகை வாங்கலாம்?

வணக்கம் நண்பர்களே. நான் கோலாலம்பூர், செந்தூலில் இருக்கிறேன். வீட்டிலிருந்தே தமிழ் மொழிபெயர்ப்பு வேலை, தினமும் ஏழு மணி நேரம் தட்டச்சு. இரண்டு மாதமாக இடது மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கம் கடுமையான வலி. இரவில் தூக்கமே கலைந்துவிடுகிறது.

ஆங்கில எழுத்துகளின் ஒலியை வைத்துத் தமிழ் வரும் ‘அஞ்சல்’ விசைமுறையில் தட்டுகிறேன். அதில் ண, ள, ற எல்லாவற்றுக்கும் ஷிஃப்ட் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும். எனக்கு அந்த வேலை முழுவதும் இடது சுண்டுவிரலுக்குத்தான். போதாததற்கு, மடிக்கணினியின் சின்னப் பலகையில் இரண்டு மணிக்கட்டும் வெளிப்பக்கம் வளைந்தே கிடக்கின்றன. கிளினிக்கில் ஓய்வு கொடுக்கச் சொன்னார்கள். வேலையை விட முடியாதே!

தமிழ் எழுத்துகளுக்கே தனி விசைகள் உள்ள தமிழ்99 முறைக்கு மாறினால் ஷிஃப்ட் தொல்லை பெரிதும் குறையும். ஆனால் 15 வருடப் பழக்கம். மாறியவர்கள் யாராவது இருந்தால், பழைய வேகம் வர எத்தனை நாள் ஆனது என்று சொல்லுங்கள்.

அப்புறம், விசைப்பலகை. லாஜிடெக் எர்கோ கே860 நடுவில் உயர்ந்து வளைந்திருந்தாலும் ஒரே பலகைதான். இரண்டு துண்டாகவே பிரிவது என்றால் தோள் அகலத்துக்குத் தள்ளி வைக்கலாம், எனக்கு அதுதான் சரி என்று படுகிறது. லோ யாட் பிளாசாவில் தட்டிப் பார்த்து வாங்க விடும் கடை உண்டா? 500 ரிங்கிட் வரை செலவழிக்க முடியும். யாராவது ஒரு வாரம் இரவல் கொடுத்தாலும் பெரிய உதவியாக இருக்கும்.