நிர்வாகக் குழு எடுத்த முடிவைத் தன்னார்வலர்களிடம் எப்படிச் சொல்வது?

கட்டபெட்டுக்காரன்:
கோத்தகிரிப் பக்கம் ஒரு அறக்கட்டளையில் தன்னார்வலர்களை ஒருங்கிணைக்கிறேன். ஞாயிறானால் காட்டில் களையாகப் பரவும் உண்ணிச்செடி (லாண்டனா) பிடுங்குவோம், நாற்றங்கால் வேலை, மழைக்காலத்தில் சோலைக் கன்று (மலையின் இயற்கையான சோலைக்காட்டு மரக்கன்று) நடவு. இந்த வருஷம் ஜூன் நடவை அக்டோபருக்குத் தள்ளிவிட்டார்கள். வாட்ஸ்அப்பில் 'நடவு ஒத்திவைக்கப்படுகிறது' என்று ஒரே வரி, அவ்வளவுதான். முடிவில் எனக்குக் குறையில்லை, எங்கள் கிழக்குச் சரிவுக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. ஆனால் அந்தக் காரணத்தை யாரும் சொல்லவில்லை, கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றி வளர்த்தவர்களே கோபித்துக்கொண்டு வருவதை நிறுத்திவிட்டார்கள். அடுத்த முடிவையாவது எப்படிச் சொல்லணும்?

கூடலூர்வாசி:
எங்களுக்குத் தென்மேற்கு மழை, ஜூனில் நடுவதுதான் சரி. இங்கே நட்டுப் பழகியவர் உங்களிடம் வந்தால் 'ஏன் ஜூன் இல்லை?' என்று கேட்கத்தான் செய்வார். அதனால் முடிவு, காரணம், யார் எடுத்தார்கள், எப்போது மறுபடி பார்ப்பார்கள், நான்கும் ஒரே செய்தியில் போகட்டும். நாற்றங்கால் ஆட்களுக்கு மட்டும் முதலில் போன் போடுங்கள், வாட்ஸ்அப் குழுவில் பிறகு போட்டால் போதும்.

கொடைக்கானல் அக்கா:
தம்பி, சொல்லும் விதத்தைவிடச் சொல்லும் நேரம் பெரிசு. சங்கமாகப் பதிவு செய்திருந்தால் 1975 தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஆண்டுப் பொதுக்குழு கூட்டியாகணும், அதுவும் உறுப்பினர்களுக்குத்தான். அறக்கட்டளையில் அறங்காவலர்கள் வைத்ததுதான் முடிவு, தன்னார்வலருக்குக் கேள்வி கேட்க இடமே கிடையாது. அந்த இடத்தை நீங்களாக உண்டாக்கிக் கொடுத்தால்தான் உண்டு. இங்கே சீகை மரங்களை (வெளிநாட்டிலிருந்து வந்த வாட்டில்) ஒட்டுமொத்தமாக வெட்டலாமா என்று பேச்சு வந்தபோது, அதன் நிழலில் சோலைக் கன்றுகள் தானாக முளைத்திருப்பதைச் சொன்னது காட்டுக்குள் போய்வருகிற தன்னார்வலர்கள்தான். முடிவு எடுத்த பிறகு அவர்களிடம் போயிருந்தால் அது யார் காதிலும் விழுந்திருக்காது.

கூடலூர்வாசி:
உண்மைதான் அக்கா, ஆனால் எல்லாவற்றுக்கும் கருத்துக் கேட்டால் மழை போய்விடும். பணம், வனத்துறை அனுமதி மாதிரி விஷயங்களில் 'இது முடிவாகிவிட்டது' என்று நேராகச் சொல்லிவிடுவது நல்லது. முடித்துவிட்டு 'உங்கள் கருத்து என்ன' என்று கேட்பதுதான் ஆட்களை ரொம்பப் புண்படுத்தும்.

கட்டபெட்டுக்காரன்:
சரி, புரிகிறது. தேயிலை பறிக்கப் போகிற அக்காமார் பலரிடம் பட்டன் போன்தான், அவர்களுக்கு?

கொடைக்கானல் அக்கா:
நாற்றங்கால் கதவில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். ஞாயிறு வேலை ஆரம்பிக்கும் முன் டீ குடிக்கிற நேரத்தில் அறங்காவலர் ஒருவரே வந்து வாயால் சொல்லட்டும், நீங்கள் சொல்ல வேண்டாம். கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.